தலைகீழ் வகுப்பறையில் எழுத்துப் பயிற்சி: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

வீடியோ எடுத்தாயிற்று, லிங்க்கும் அனுப்பியாயிற்று. மறுநாள் வகுப்பில் போய் நின்றால் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. பார்த்தவர்களுக்கும் கை ஓடவில்லை. "இதற்குப் பழைய முறையே தேவலாம்" என்று நினைக்கும் கட்டத்தில் இருக்கிறீர்களா? முறையைக் கைவிடுவதற்கு முன்னால் உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

தலைகீழ் வகுப்பறை (ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் என்றால்தான் பலருக்குத் தெரியும்) என்பது விளக்கத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, பயிற்சியை வகுப்பில் செய்வது. இது எழுத்துப் பாடத்துக்காகப் பிறந்த முறை இல்லை. 2007இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்து கொடுத்தார்கள். விளக்கத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வகுப்பு நேரத்தில் கணக்கும் சோதனையும் செய்யலாமே என்று அங்கிருந்து வளர்ந்தது. எழுத்துக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? கட்டுரை எப்படி எழுதுவது என்று வகுப்பில் பேசுகிறோம், எழுதும் வேலையை வீட்டுக்கு அனுப்புகிறோம். மாணவர் மூன்றாவது வரியில் சிக்கி நிற்கும்போது பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

நான் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். அதனால் உதாரணங்கள் தமிழில் இருக்கும். கோளாறுகள் எந்த மொழிக்கும் இவையேதான்.

முதல் சோதனை: கடிகாரம்

அடுத்த வகுப்பில் ஒரு மாணவரை மட்டும் கவனியுங்கள். அவருடைய பேனா தாளில் (அல்லது விரல் விசைப்பலகையில்) எத்தனை நிமிடம் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது நிமிட வகுப்பில் இருபது நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் நீங்கள் இன்னும் வகுப்பைத் தலைகீழாக்கவில்லை. பழைய வகுப்பின் மேல் ஒரு வீடியோவை ஏற்றி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான் முதல் முறை இப்படி எண்ணியபோது வந்த கணக்கு ஒன்பது நிமிடம். மீதி நேரமெல்லாம் என் குரல்.

இருபது என்பது என் கைக்கணக்கு, யாரும் வகுத்த விதி இல்லை. ஆனால் அதற்குக் கீழே இருந்தால் மற்ற எந்தக் கோளாறையும் சரிசெய்து பயனில்லை. முதலில் உங்கள் பேச்சைக் குறையுங்கள்.

"பாதிப் பேர் வீடியோ பார்க்காமல் வருகிறார்கள்"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று இடத்தில் பாருங்கள்.

ஒன்று, நீளம். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்துப் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை எடுத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுத்தரமான ஒருவர் அதில் ஊன்றியிருந்த நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் பார்த்தது பெரும்பாலும் தங்களுக்குப் புரியும் மொழியில். நம் மாணவர்களோ கற்றுக்கொண்டிருக்கும் மொழியில் பார்க்கிறார்கள், அதிலேயே பாதித் தெம்பு போய்விடும். நான் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. பத்தி அமைப்பு பற்றி ஒரு காலத்தில் பதினெட்டு நிமிடம் பேசி வைத்திருந்தேன். "ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தேன் சார், நீங்கள் சண்டை போடுவது மாதிரி இருந்தது" என்றான் ஒரு பையன். அன்றைக்கே அதை நான்காக வெட்டினேன்.

இரண்டு, நீங்களே. பார்க்காதவர்களுக்காக வகுப்பின் தொடக்கத்தில் "சரி, சுருக்கமாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்" என்று ஆரம்பிக்கிறீர்களா? அப்படியானால் பார்த்துவிட்டு வந்தவர்தான் ஏமாளி. அடுத்த வாரம் அவரும் பார்க்க மாட்டார். திரும்பச் சொல்வதை நிறுத்துங்கள். பார்க்காதவர் பின் வரிசையில் ஹெட்போன் போட்டு அங்கேயே பார்த்துவிட்டு வந்து சேரட்டும். ஐந்து நிமிட வீடியோ என்றால் ஐந்து நிமிடத் தாமதம்தான். தண்டனையும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம்.

மூன்று, வசதி. வீட்டில் ஒரே போன், அதையும் மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்றால் அது மாணவர் குற்றமில்லை. வீடியோவில் சொன்னதை ஒரு பக்க அச்சாகவும் கொடுத்துவிடுங்கள். தலைகீழாக்குவதற்கு வீடியோதான் வேண்டும் என்று கட்டாயமில்லை, தாளும் போதும்.

இதற்கெல்லாம் பிறகும் பார்த்தாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தளம் காட்டும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். வீடியோ ஒரு பக்கம் ஓடும், ஆள் வேறு பக்கம் இருப்பார். ஐந்து கேள்வி வினாடி வினாவும் எழுத்துப் பாடத்தில் அவ்வளவாக உதவாது. நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம். வீடியோவில் பார்த்ததைப் பயன்படுத்தி, சொந்தமாக எழுதிய ஒரு வாக்கியத்தோடு உள்ளே வர வேண்டும். அந்த வாக்கியத்திலிருந்துதான் அன்றைய எழுத்து தொடங்கும் என்று வைத்துவிடுங்கள். வாக்கியம் இல்லாதவருக்குத் தொடங்க இடம் இருக்காது, அவராகவே ஹெட்போனைத் தேடுவார்.

"பார்க்கிறார்கள், புரிந்தது என்கிறார்கள், எழுதினால் வரவில்லை"

வீடியோவை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதில் யாராவது எழுதுகிறார்களா? பெரும்பாலும் ஸ்லைடு இருக்கும், ஸ்லைடில் புள்ளி புள்ளியாக விதிகள் இருக்கும்: நல்ல பத்திக்கு ஒரு மையக் கருத்து வேண்டும், இணைப்புச் சொற்கள் வேண்டும், முடிவு வேண்டும். எல்லாம் உண்மைதான். நீச்சலைப் பற்றிப் படித்தவர் குளத்தில் இறங்கிய மாதிரிதான் இருக்கும்.

லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேய்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதுபவர்களை, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லிக் கேட்டு, எழுத்து எப்படி நடக்கிறது என்பதற்கு 1981இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். திட்டமிடுவது, வாக்கியமாக்குவது, திரும்பிப் பார்ப்பது ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புகுந்து வருகின்றன. நம் மாணவர்கள் பார்த்திருப்பது முடிந்த கட்டுரையை மட்டும். ஆசிரியர் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுவதை அவர்கள் பார்த்ததே இல்லை.

அதனால் ஸ்லைடைத் தூக்கிப் போடுங்கள். ஒரு வெற்றுத் தாளை மேசையில் வைத்து, மேலே போனை நிறுத்தி, உங்கள் கையைப் படமெடுங்கள். எழுதிக்கொண்டே பேசுங்கள். என் வீடியோ ஒன்றில் இப்படிப் போகிறது:

"'மழை பெய்தது. நாங்கள் வெளியே போகவில்லை.' ம்... இரண்டும் தனித்தனியாக நிற்கிறது. நடுவில் 'அதனால்' போடலாம். 'மழை பெய்தது. அதனால் நாங்கள் வெளியே போகவில்லை.' சரிதான், ஆனால் சப்பென்று இருக்கிறது. 'மழை பெய்ததால்' என்று ஒரே வாக்கியமாக்கினால்? 'மழை பெய்ததால் நாங்கள் வெளியே போகவில்லை.' இது பரவாயில்லை. ஆனால் அடுத்த வரியில் அம்மாவின் கோபத்தைச் சொல்லப் போகிறேன், மழை அங்கே பெரிதாகத் தெரிய வேண்டும். அப்போது மழையைத் தனி வாக்கியமாகவே விட்டுவிடலாம். அடிக்கிறேன்."

ஒரே வாக்கியத்தில் மூன்று நிமிடம். இலக்கண விதி என்று எதையும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் வந்த தாள்களில் முதல் முறையாக அடித்தல்கள் இருந்தன. அதுவரை எல்லோரும் பிழையை வெள்ளை மை போட்டு மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை: நடிக்காதீர்கள். ஒத்திகை பார்த்த தடுமாற்றம் மாணவருக்கு உடனே தெரிந்துவிடும். முன்கூட்டி யோசிக்காத ஒரு தலைப்பை எடுத்து நிஜமாகவே எழுதுங்கள்.

"வகுப்பில் எழுதச் சொன்னால் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்"

வெற்றுத் தாள் வெளியே ஒரே மாதிரி தெரியும், உள்ளே காரணம் வேறு வேறு. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எழுத வேண்டாம், சும்மா சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அதிலேயே பிரிந்துவிடும்.

தாய்மொழியிலும் சொல்ல முடியவில்லை என்றால் அவரிடம் விஷயமே இல்லை. தலைப்பு தவறு. "சுற்றுச்சூழல் மாசு" என்று கொடுத்துவிட்டு எழுதவில்லையே என்றால் எப்படி? அவர் கண்ணால் பார்த்த, கையால் செய்த ஒன்றுக்கு மாற்றுங்கள்.

தாய்மொழியில் சரளமாக வருகிறது, கற்கும் மொழியில் வரவில்லை என்றால் சொல் பற்றாக்குறை. இதற்கு வீடியோ உதவும்: அடுத்த முறை முன்வேலையாக விதி அனுப்பாமல், அந்தத் தலைப்புக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு சொற்களையும் நான்கைந்து தொடர்களையும் அனுப்புங்கள். தொடராகக் கொடுப்பது முக்கியம். தனிச்சொல்லாகக் கொடுத்தால் தாய்மொழி அச்சில் வார்த்துவிடுவார்கள். "நான் பசியாக இருக்கிறேன்" என்று என் மாணவர் ஒருவர் எழுதினார். சொல்லெல்லாம் தமிழ்தான், வாக்கியம் தமிழ் இல்லை. "எனக்குப் பசிக்கிறது" என்று முழுத் தொடராகக் கேட்டிருந்தால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

மூன்றாவது வகைதான் தமிழில் விசேஷம். கேட்டால் கற்கும் மொழியிலேயே நன்றாகச் சொல்கிறார், எழுதச் சொன்னால் நின்றுவிடுகிறார். பேச்சுத் தமிழ் வரும், எழுத்துத் தமிழ் வராது. வீட்டில் பேசிக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இது நிறைய. இவர்களைத் தடுக்காமல் சொன்னபடியே எழுத விடுங்கள்:

"நேத்து மழ பேஞ்சுச்சு. அதுனால நாங்க வெளிய போகல."

எழுதி முடித்த பிறகு இருவர் இருவராக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றட்டும். நேத்து, நேற்று. மழ, மழை. பேஞ்சுச்சு, பெய்தது. போகல, போகவில்லை. பத்து நிமிட வேலை. முதலிலேயே "பேச்சு வழக்கில் எழுதக் கூடாது" என்று சொன்னீர்கள் என்றால் அந்தப் பத்து நிமிடமும் வெற்றுத் தாள்தான். சிலர் இதைப் பாவம் போலப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், இது முதல் வரைவுதானே, அரங்கேற்றம் இல்லை.

"என் மேசை முன்னால் வரிசை நிற்கிறது"

எழுதுகிறார்கள், நல்லது. ஆனால் ஆளுக்கு இரண்டு வரி எழுதிவிட்டு "சார் சரியா?" என்று வந்து நிற்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: முப்பது பேர், அறுபது நிமிடம், ஆளுக்கு இரண்டு நிமிடம். அதிலும் நின்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் எழுதாத நேரம்.

மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். நீங்கள் நடந்தால் வரிசை இருக்காது. அப்புறம், முழுத் தாளையும் படிக்காதீர்கள். "எந்த வரியில் சந்தேகம்? அதற்குக் கோடு போட்டு வையுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், நீங்கள் போகும்போது கோடு தயாராக இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நகருங்கள். பாதிப் பேருக்குக் கோடு போடும்போதே விடை தெரிந்துவிடுகிறது. பேனாவைக் கையில் எடுக்காமல் நடப்பது நல்லது. இருந்தால் கை சும்மா இருக்காது, திருத்திவிடும்.

"எல்லாக் கட்டுரையும் ஒரே அச்சில் வருகிறது"

மாதிரிக் கட்டுரை ஒன்றே ஒன்று கொடுத்திருப்பீர்கள், அதுவும் அதே தலைப்பில். வேறு தலைப்பில் இரண்டு மாதிரி கொடுங்கள். இரண்டில் ஒன்று சுமாராக இருக்கட்டும், எது மேல் என்று அவர்கள் சண்டை போடட்டும். எழுதும்போது மாதிரி மூடியிருக்க வேண்டும்.

"ஒருவர் தாளை ஒருவர் படித்தால் 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்கிறார்கள்"

வேறென்ன சொல்வார்கள்? அவர்களுக்கே தெரியாத இலக்கணத்தை வைத்து நண்பன் தாளைத் திருத்தச் சொன்னால் மரியாதையாக ஒரு பொய் சொல்வார்கள், அல்லது சரியானதைத் தவறாக்குவார்கள். ஆசிரியர் வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள், வாசகர் வேலையைக் கொடுங்கள். "எந்த இடத்தில் புரியாமல் இரண்டாவது முறை படித்தீர்கள்? ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். எதைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள ஆசை? அங்கே ஒரு கேள்விக்குறி." அவ்வளவுதான். புள்ளி வைக்க இலக்கணம் தெரிய வேண்டாம். எழுதியவருக்கோ அந்தப் புள்ளி உங்கள் சிவப்பு மையைவிடக் கூர்மையாகக் குத்தும்.

இதையும் ஒரு முறை வீடியோவில் செய்து காட்டுங்கள். யாருடைய தாளையும் எடுக்க வேண்டாம், நீங்களே எழுதிய தாளில் புள்ளி வையுங்கள்.

"வீட்டில் எழுதி வருவது அவர் எழுதியது மாதிரி இல்லை"

வகுப்பில் இரண்டு வாக்கியத்தை இணைக்கத் தடுமாறுபவர் வீட்டிலிருந்து பிசிறில்லாத முந்நூறு சொல் கொண்டு வருகிறார். மொழிபெயர்ப்புச் செயலியோ சாட்ஜிபிடியோ அண்ணனோ, யாரோ ஒருவர். கண்டுபிடிக்கும் மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள், அவை தவறாகவும் குற்றம் சாட்டும். மொழி கற்பவருடைய எளிய வாக்கியங்களையே சில சமயம் இயந்திர எழுத்து என்று சொல்லிவிடும்.

உண்மையில் இது தலைகீழ் வகுப்பறையின் கோளாறே இல்லை, அதை முழுதாகச் செய்யாததன் கோளாறு. முதல் வரைவு வகுப்பில்தான், உங்கள் கண் முன்னால்தான். வீட்டுக்குப் போவது படிப்பது, பார்ப்பது, சொல் சேர்ப்பது. திருத்தி எழுதுவதை வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால் முதல் வரைவும் சேர்ந்தே திரும்பி வர வேண்டும்.

"திருத்திக் கொடுத்த பிழையே மறுபடி மறுபடி வருகிறது"

இந்தப் பிரச்சினை தலைகீழ் வகுப்பறைக்கு முன்னாலிருந்தே இருக்கிறது, சண்டையும் பழசு. இலக்கணப் பிழையைத் திருத்துவதால் பயனே இல்லை, விட்டுவிடுங்கள் என்று 1996இல் ஜான் டிரஸ்காட் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் எழுதினார். அவசரப்பட்டு அப்படிச் சொல்லக் கூடாது என்று 1999இல் டானா ஃபெரிஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் பதில் எழுதினார். எனக்கு ஃபெரிஸ் பக்கம்தான் சாய்வு. ஆனால் பக்கம் முழுக்கச் சிவக்கச் சிவக்கத் திருத்தினால் மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு தாளில் இரண்டு வகைப் பிழைக்கு மேல் தொடாதீர்கள். அதிலும் விடையை எழுதாமல் அடிக்கோடு மட்டும் போட்டால், கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு. பிறகு, தலைகீழ் முறைக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது: இந்த வாரத்துத் தாள்களில் எது அதிகம் வந்ததோ அதுவே அடுத்த வீடியோ. பாடத்திட்டத்தில் அடுத்து என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

என் வகுப்பில் ஒரு வாரம் முழுக்க "மரங்கள் விழுந்தது." விதி எல்லோருக்கும் தெரியும். கேட்டால் "பன்மைக்கு 'விழுந்தன' வரும்" என்று ஒப்பிப்பார்கள். ஆனால் காதில் விழுவது "மரமெல்லாம் விழுந்துச்சு" என்ற பேச்சுதான், அங்கே ஒருமை பன்மை வேறுபாடு கிடையாது. காது சொல்வதைக் கை எழுதிவிடுகிறது. அதனால் விதியை மறுபடி விளக்கும் வீடியோ எடுக்கவில்லை. அவர்கள் எழுதிய எட்டு வாக்கியங்களை, பெயர் இல்லாமல், சரியும் தவறும் கலந்து, வரிசையாக நிதானமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே எழுவாயை மட்டும் வட்டம் போட்டு வரச் சொன்னேன். வகுப்பில் பழைய தாளைத் திருப்பிக் கொடுத்து, அதிலும் எழுவாய்க்கு வட்டம். வட்டம் போட்ட பிறகு பயனிலை தானாகக் கண்ணில் பட்டது. முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது "விழுந்தது" என்று எழுதிவிட்டு அவர்களே திரும்பி வந்து அடிக்கிறார்கள்.

"ஆசிரியர் பாடமே நடத்துவதில்லையாம்"

பெற்றோரிடமிருந்து வரும். பேசி விளக்குவதைவிட, மாதத் தொடக்கத்து வரைவையும் மாத இறுதி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள். அதற்காகவே முதல் வரைவுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

"வீடியோ எடுத்தே ஓய்ந்துவிட்டேன்"

ஒவ்வொரு பாடத்துக்கும் எடுக்காதீர்கள். எழுத்துப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்கள் மிஞ்சிப்போனால் பதினைந்து இருக்கும். அவற்றுக்கு ஒன்று ஒன்று போதும், அடுத்த ஆண்டும் ஓடும். முகம் தெரிய வேண்டாம், பின்னணி இசை வேண்டாம், நடுவில் இருமினால் இருமலோடு போகட்டும். வேறொருவர் எடுத்தது நன்றாக இருந்தால் அதையே அனுப்புங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

"எதைச் செய்தும் சரிவரவில்லை"

மாணவர் இன்னும் எழுத்தைக் கூட்டி வாசிக்கும் நிலையில் இருக்கிறாரா என்று பாருங்கள். ண, ன எங்கே வரும், கொம்பு எந்தப் பக்கம், கால் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு முன்வேலை அனுப்பிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்க்கும் ஓர் ஆள். அந்தக் குழுவுக்கு மட்டும் இரண்டு மூன்று மாதம் பழையபடியே நடத்துங்கள். நான்கு வாக்கியத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தொடங்கியதும் முதல் வீடியோவை அனுப்பலாம். அது மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். முதல் தடவை வகுப்பிலேயே எல்லோரும் சேர்ந்து பாருங்கள், எங்கே நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்க்கலாம் என்பதையும் அப்போதே காட்டிக் கொடுங்கள்.